உறங்குபவரும் ஓட்டுபவரும்: கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட வீட்டு வண்டிகள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், டாக்குரியாவில் நான் குடியிருக்கும் சந்தின் முனையில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. சந்துக்குள் அது நுழையவில்லை, நுழைந்திருக்கவும் முடியாது. இங்கே மின்கம்பிகளும் தொலைக்காட்சிக் கம்பிகளும் தாழ்வாகப் பின்னிக் கிடக்கும். என் நண்பர், வங்காளி, ஓய்வுபெறும் நிலையிலுள்ள பேராசிரியர், தம் சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு வாங்கிய சிறிய கேரவன் அது. அடுப்பு, குளிர்பெட்டி, ஓர் ஆள் திரும்புமளவு குளியலறை, கூரைமேல் சூரிய மின்தகடு, மடித்தால் மேசையாகவும் விரித்தால் கட்டிலாகவும் ஆகும் பலகை. இருக்கைகள் ஐந்து, படுக்கைகள் நான்கு. நண்பர், அவர் மனைவி, அவர்கள் மகள், நான் என நால்வரும் புருலியாவுக்குப் புறப்பட்டோம். ஐந்தாமவர் அந்தப் பயணத்துக்கென்று அமர்த்தப்பட்ட ஓட்டுநர்.

நண்பர் வண்டியின் ஒவ்வொரு மூலையையும் பெருமையுடன் திறந்து காட்டி முடித்தபின், ஓட்டுநர் மெல்லக் கேட்டார்: "எல்லாம் நன்றாக இருக்கிறது தாதா. நான் எங்கே படுப்பது?"

எவரிடமும் விடை இல்லை. வண்டியை வடிவமைத்தவர்களுக்கும் அந்தக் கேள்வி எழுந்திருக்கவில்லை. என் ஆய்வுப் பொருளுக்கு நேர்த் தொடர்பில்லாத இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

தமிழில் கேரவன் என்றதும் நம் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் ஜெனரேட்டர் உறும நிற்கும் நடிகரின் வண்டிதான். பயணத்துக்குரிய பெயரைத் தாங்கி, பெரும்பாலும் ஓரிடத்திலேயே நிற்கும் வண்டி. அதனால் நகர்கின்ற கேரவனை ஓட்டிப் பார்க்கும் ஆவல் எனக்கு இருந்தது. டான்குனியைக் கடந்து துர்காபூர் விரைவுச்சாலையில் கூட்டம் குறைந்த ஓரிடத்தில், ஓட்டுநர் அருகமர்ந்து வழிசொல்ல, நாற்பது நிமிடங்கள் நான் ஓட்டினேன்.

காரோட்டிப் பழகிய கைக்கு முதலில் வியப்பளிப்பது வண்டியின் உயரம். பக்கத்தில் லாரி முந்திச் செல்லும்போது காற்று வண்டியின் முழு விலாவையும் தள்ளுகிறது. சக்கரம் நேராக இருக்க, உடல் மட்டும் ஒரு கணம் சாய்கிறது. அடுத்தது தண்ணீர். தொட்டி நிறைய நீருடன் பிரேக்கை அழுத்தினால் வண்டி நின்றுவிடும், தண்ணீர் நிற்காது. அரை நொடி கழித்து முன்னே வந்து முதுகில் மோதுகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னாலிருக்கும் சமையலறை முழுவதும் பேசத் தொடங்குகிறது: கரண்டி, தட்டு, மூடாத இழுப்பறை. அந்த நாற்பது நிமிடத்தில் நான் வயலையோ வானத்தையோ பார்த்ததாக நினைவில்லை. கண்ணாடி, சாலை, முன்னே செல்லும் லாரியின் பின்விளக்கு, இவ்வளவே என் உலகமாக இருந்தது. பின்னால் படுத்திருந்த நண்பரின் மகளோ, கடுகு பூத்த வயல்களைப் பற்றி அன்றிரவு இரண்டு பக்கம் எழுதினாள்.

ஒரே வண்டி, ஒரே சாலை, இருவேறு பயண அனுபவங்கள். பயண இலக்கியம் என்ற பெயரில் நாம் படிப்பவற்றில் ஆகப் பெரும்பகுதி பின்னால் படுத்திருந்தவர் எழுதியது. உறங்கிக்கொண்டே ஊர்செல்லும் வசதிக்கு நீண்ட வரலாறு உடைய இந்தக் கல்கத்தாவில் அந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காணலாம்.

இருப்புப்பாதை பரவுவதற்கு முன் கல்கத்தாவிலிருந்து காசிக்கோ அலகாபாத்துக்கோ செல்ல விரும்பிய ஐரோப்பியருக்கு இருந்த வழிகளுள் ஒன்று ‘பால்கி தாக்’, அதாவது அஞ்சல் பல்லக்கு. அஞ்சல் அதிகாரியிடம் பல நாட்கள் முன்பே விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். வழியெங்கும் ஏறத்தாழ பத்து மைலுக்கு ஓரிடத்தில் புதிய ஆட்கள் காத்திருக்க ஏற்பாடு செய்யப்படும். ஒரு பல்லக்குக்கு வழக்கமாகத் தூக்குவோர் எட்டுப் பேர். நால்வர் சுமக்க நால்வர் உடனோடி, தோள் மாற்றிக்கொள்வர். தீவட்டி பிடிக்க ஓரிருவர், பெட்டிகளைக் காவடியாகச் சுமக்க இருவர். பல்லக்கு என்பது ஆள் நீட்டிப் படுக்கும் அளவான மரப்பெட்டி. பக்கங்களில் நகரும் கதவு, உள்ளே மெத்தை, சிறு தட்டு, நீர்க்குவளைக்கு இடம். வெயிலைத் தவிர்க்கப் பெரும்பாலும் இரவில்தான் பயணம். ஒரு கூரை, ஒரு படுக்கை, ஓர் அலமாரி, நகர்வு: இன்றைய சிறிய கேரவனின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. எஞ்சினுக்குப் பதில் பன்னிரண்டு மனிதர்கள்.

ஃபேனி பார்க்ஸ், எம்மா ராபர்ட்ஸ் போன்ற பெண்கள் எழுதிய நூல்கள் அக்காலத்து வட இந்தியப் பயணத்தைப் பற்றி நிறையச் சொல்கின்றன. தாக் பயணம் செய்தவர்களின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு முறையீடு உண்டு. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தூக்கிவந்தவர்கள் பல்லக்கை இறக்கிவைத்துவிட்டு, உறங்குபவரை எழுப்பி பக்ஷீஸ் கேட்பார்களாம். நள்ளிரவில் பத்து மைலுக்கொரு முறை உறக்கம் கலைவது தொல்லையே, மறுக்கவில்லை. ஆனால் அந்த முறையீட்டைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றும். பத்து மைல் ஓடிவந்தவர், தான் சுமந்த சுமைக்கு முகம் உண்டு என்பதையும், சுமந்தது தானே என்பதையும் நிலைநாட்டிக்கொள்ளக் கிடைத்த ஒரே தருணம் அது. அடுத்த நிமிடம் அவர் இருளில் திரும்பி நடப்பார். பயணியின் ஏட்டில் அவர் ஓர் இடையூறாக மட்டும் பதிவாவார்.

சுமந்தவர்கள் இடையூறாக அன்றி மனிதர்களாக ஆவணத்தில் ஏறிய ஆண்டு 1827. கல்கத்தாவின் பல்லக்குத் தூக்கிகளில் பெரும்பாலோர் ஒடியா பேசுவோர். அவர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், எண் பொறித்த வில்லை அணிய வேண்டும், விதிக்கப்பட்ட கட்டணமே வாங்க வேண்டும் என்று நகர நிர்வாகம் ஆணையிட்டது. அவர்கள் பல்லக்கைத் தொட மறுத்தார்கள். இந்திய நகரங்களில் நடந்த தொடக்ககால வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக அதைத் தொழிலாளர் வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகிறார்கள். துறைகளும் ஆலைகளும் திரண்டெழுவதற்கு நெடுங்காலம் முன்பே, தோளில் மூங்கில் தழும்பு ஏறியவர்கள் இந்த நகரத்தை நடக்கவைத்தார்கள். பலர் ஊர் திரும்பினர். அவர்களுடைய இடத்தைப் பிஹாரிலிருந்து வந்த ரவானிகள் நிரப்பினர்.

அந்த வேலைநிறுத்தத்தின்போது பிரௌன்லோ என்ற வெள்ளையர் தம் பல்லக்கின் கழிகளை நீக்கி, கீழே சக்கரங்களைப் பொருத்தி, முன்னே குதிரையைப் பூட்டினார் என்று கல்கத்தாவின் பழங்கதை ஒன்று சொல்லும். ‘பிரௌன்பெரி’ என்ற குதிரைவண்டிக்குப் பெயர் வந்த கதை அது. கதை எவ்வளவு துல்லியமாயினும், அதன் உட்கிடை கவனிக்கத்தக்கது: எதிர்த்துப் பேசும் மனிதத் தோளுக்கு மாற்றாகச் சக்கரம் வருகிறது. படுக்கைக்குச் சக்கரம் முளைத்தது வசதிக்காக மட்டுமன்று.

இங்கே தமிழ் மாணவர்களுக்கு இரண்டு இடங்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று, சிவிகையைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் ஒருசேர நிறுத்தும் திருக்குறள். அறத்தின் பயனை நூலால் உணர்த்த வேண்டியதில்லை, அவ்விருவரையும் கண்டாலே விளங்கும் என்று பரிமேலழகர் உரை காண்கிறார். அவ்விருவரையும் காட்டி ‘இதுவே அறத்தின் வழி’ என்று சொல்லாதே என வள்ளுவர் விலக்குகிறார் என்பது அதற்கு நேரெதிரான பிற்காலப் பொருள்கோள். ஒரே சொல்லை எப்படிக் கொள்வது என்பதில் பல்லக்கின் நியாயமே தலைகீழாகிறது. மற்றொன்று பெரியபுராணம் கூறும் திருப்பூந்துருத்தி நிகழ்ச்சி. சிவிகையில் வந்த ஞானசம்பந்தர் ‘அப்பர் எங்குற்றார்?’ என வினவ, கீழே சுமப்போருள் ஒருவராக நின்ற திருநாவுக்கரசரே விடையிறுக்கிறார். சம்பந்தர் பதறி இறங்குகிறார். இறங்குவதற்குக் காரணம் சுமந்தவர் அப்பர் என்பதே என்று ஒருவர் வாதிடலாம். உடன் சுமந்த மற்றவர்களின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. எனினும், பல்லக்கின் அடியிலிருந்து ஒரு குரல் மேலே சென்று பயணத்தை நிறுத்திய காட்சி நம் இலக்கியத்தில் இருக்கிறது. தாக் பயண நூல்களில் அதற்கு நிகரானது வெறும் பக்ஷீஸ் முறையீடே.

எங்கள் வண்டி துர்காபூரை நோக்கிச் சென்ற நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, ஹூக்ளி ஆற்றை ஒட்டி, பழைய கிராண்ட் டிரங்க் சாலை செல்கிறது. உலக இலக்கியத்தில் எஞ்சினால் நகரும் வீடு முதன்முதலில் விரிவாகச் சித்திரிக்கப்பட்டபோது அது புறப்பட்ட சாலையும் அதுவே. ஷூல் வெர்ன் 1880இல் வெளியிட்ட ‘நீராவி வீடு’ என்னும் நாவலில், 1867ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இரும்பு யானை கல்கத்தாவிலிருந்து சந்திரநாகூர் நோக்கி நடக்கத் தொடங்குகிறது. யானையின் வயிற்றில் கொதிகலன், துதிக்கை புகைபோக்கி. பின்னே இரண்டு வீடுகள் சக்கரங்களில் உருள்கின்றன. முதல் வீட்டில் கர்னல் மன்ரோவும் நண்பர்களும்: உணவறை, படுக்கையறைகள். இரண்டாவதில் சமையலறையும் பணியாளர்களும். பூட்டான் அரசருக்காகச் செய்யப்பட்டு, அவர் இறந்ததால் பொறியாளர் பேங்க்ஸ் வாங்கிய யந்திரம் என்பது கதை. வெர்ன் இந்தியாவுக்கு வந்தவரல்லர்.

நாவலின் அடியில் ஓடுவது 1857. கான்பூரில் மனைவியை இழந்த மன்ரோ நானா சாகிபைத் தேடுகிறார். எரிந்தும் எரிக்கப்பட்டும் பத்தாண்டுகளே ஆன ஊர்களின் நடுவே, விடுதியையோ உள்ளூர்க்காரரையோ நம்பாமல் தன் சுவர்களையும் சமையற்காரரையும் சுமந்துகொண்டு செல்ல விரும்பும் மனநிலை அந்த வீட்டைக் கட்டியிருக்கிறது. கதையைச் சொல்பவர் மோக்லேர் என்ற பிரெஞ்சுக்காரர். முதல் வீட்டின் பயணி. யந்திரத்தை இயக்குபவர் ஸ்டோர் என்ற ஆங்கிலேயர். தீயூட்டுபவர் காலூத் என்ற இந்து. அத்தனை நூறு மைல்களையும் முன்னே நின்று பார்த்த இவ்விருவரும் சாலையைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதற்கு நாவலில் ஏறக்குறைய இடமில்லை. மோக்லேர் கண்ட காடும் மலையும் புலியும் பக்கம் பக்கமாக வருகின்றன. கற்பனையிலும் உறங்கியவரே எழுதுகிறார்.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. ஆர். ஈ. பி. க்ராம்ப்டன். நம் வீட்டு மின்விசிறிகளில் காணும் அதே க்ராம்ப்டன்தான். பிற்காலத்தில் மின்பொறியாளராகப் புகழ்பெற்றவர். 1860களில் அவர் இந்தியாவில் பணியாற்றிய இளம் படை அதிகாரி. அரசு மாட்டுவண்டி அணிகளின் வேகத்தில் பொறுமையிழந்து, சாலையில் ஓடும் நீராவி வண்டிகளைச் சோதிக்கும்படி வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசை இணங்கச் செய்தார். எடின்பரோவைச் சேர்ந்த ஆர். டபிள்யூ. தாம்சன் கெட்டி ரப்பர் சுற்றிய சக்கரங்களோடு சாலை நீராவி வண்டியை உருவாக்கியது 1867இல். வெர்னின் யானை புறப்பட்டதாகச் சொல்லப்படும் அதே ஆண்டு. அம்முறையில் இப்ஸ்விச் நகரில் இந்தியாவுக்கெனக் கட்டப்பட்ட வண்டிகளுக்கு ‘செனாப்’, ‘ராவி’ என்று பஞ்சாப் ஆறுகளின் பெயர்கள் இடப்பட்டன. 1871இல் செனாப் வண்டியை இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோவுக்கும் திரும்பவும் ஓட்டிச் சோதித்தனர். பின்னர் ராவல்பிண்டிப் பகுதியில் ‘அரசு நீராவித் தொடர்’ என்ற பெயரில் சில ஆண்டுகள் அவை ஓடின. இருப்புப்பாதை நெருங்கியதும் தேவை அற்றது.

க்ராம்ப்டன் முதுமையில் எழுதிய நினைவுநூலின் இப்பகுதிகளில் இயற்கை வர்ணனையைத் தேடுவோர் ஏமாறுவர். அங்கே கொதிகலன் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, எரிபொருளும் நீரும் கிடைக்கும் தூரக் கணக்கு இருக்கிறது. துர்காபூர் சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டியபின் அவ்வெழுத்தின் வறட்சி எனக்குப் புரிந்தது. ஓட்டுபவருக்குச் சாலை ஒரு காட்சியன்று. தொடர்ந்து விடையளிக்க வேண்டிய கேள்வி. ஆயினும் க்ராம்ப்டனும் அதிகாரியே. தீயூட்டிய, விறகு வெட்டிய, நீர் இறைத்த பஞ்சாபியர்கள் எழுதவில்லை.

மேலை நாடுகளில் இப்பிரிவினை இல்லையோ என எண்ண வேண்டாம். இன்பப் பயணத்துக்கான குதிரைக் கேரவனை 1885இல் கட்டுவித்த ஸ்காட்லாந்து எழுத்தாளர் கார்டன் ஸ்டேபிள்ஸ், ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட அவ்வண்டியில் நாடோடி வாழ்வைக் கொண்டாடினார். குதிரையோட்ட ஒருவரும், மூன்றுசக்கர மிதிவண்டியில் முன்னே சென்று பாதை பார்க்கும் பணியாளர் ஒருவரும் உடனிருந்தனர். அமெரிக்காவில் 1910இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் காட்சிக்கு வைத்த படுக்கை வசதியுள்ள மோட்டார் வண்டியில், பின்னிருப்பவர் ஓட்டுநருடன் பேசத் தொலைபேசியே இருந்தது. இரண்டு முழத் தொலைவுக்குத் தொலைபேசி! வசதியைவிட இடைவெளியையே அது கவனமாகக் காத்தது என்பேன். ஓட்டுபவரும் உறங்குபவரும் ஒருவரே ஆகும் வண்டி பெருவழக்காவது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். 1951 முதல் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா பொருத்தித் தந்த மரச் சாமான்கள் அதன் அடையாளம். சம்பளம் கொடுத்து ஓட்டுநர் வைக்க இயலாத நடுத்தரக் குடும்பங்கள் பெருகியதன் விளைவு அது. சமத்துவ உணர்ச்சியின் விளைவன்று.

அவ்வகைப் பயணிகளின் அலை கல்கத்தாவையும் தொட்டது. 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து புறப்பட்ட ‘இண்டியாமேன்’ பேருந்து ஜூன் 5இல் இங்கு வந்து சேர்ந்தது. ஒருவழிக் கட்டணம் 85 பவுண்டு. அதன்பின் அடுக்கும் படுக்கையும் கொண்ட ‘ஆல்பர்ட்’ என்னும் ஈரடுக்குப் பேருந்து வந்தது. வெர்னின் வீடு புறப்பட்ட நகரம், இவற்றுக்குச் சேருமிடமாயிற்று.

நம் நாட்டில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர்களுள் புகழ்பெற்றவர் என். டி. ராமாராவ். 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபின், பழைய செவ்ரலே வேனை மாற்றியமைத்த ‘சைதன்ய ரதம்’ அவருக்கு மேடையும் படுக்கையும் ஆயிற்று. அதை ஓட்டியவர் ஹரிகிருஷ்ணா. ஓட்டுநரின் பெயர் வரலாற்றில் தங்கியிருக்கிறது; அவர் மகன் என்பதால்.

மீண்டும் எங்கள் பயணத்துக்கு வருகிறேன். அசன்சோல் தாண்டிப் புருலியா நோக்கித் திரும்பியதும் நிலம் சிவக்கிறது, நீர் குறைகிறது. ஒரு சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றபோது ‘டிஎன் 34’ என்று தொடங்கும் பதிவெண்ணுடன் இரு லாரிகளைக் கண்டேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள். ஒன்றில் துளையிடும் யந்திரம். மற்றதில் குழாய்கள், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு, கொடியில் உலரும் லுங்கிகள். இந்தியாவெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் அவ்வண்டிகளின் ஆட்கள் மாதக்கணக்கில் அவற்றிலேயே சமைத்து, அவற்றின்மேலும் கீழும் உறங்கி வாழ்கிறார்கள். தமிழ் கேட்டதும் ஒருவர் ‘வாங்கண்ணா’ என்று எழுந்து தட்டில் சோறு வைத்தார். எங்கள் கேரவனைச் சுற்றிப் பார்த்த அவர், குளியலறையைத் திறந்து மூடிவிட்டு, "எங்களுக்கும் இது ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். இந்தியச் சாலைகளின் உண்மையான வீட்டு வண்டி லாரிதான். அதை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. அதைப் பற்றி ‘ஓட்டிய அனுபவம்’ என்று பத்திரிகைகள் எழுதும்போதும் குதிரைத்திறனைத்தான் எழுதுகின்றன, படுக்கையை அன்று.

சட்டம் இதை அறியாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பணியாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்றது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என வேலையை வரையறுத்தது. ஐந்து பேருக்குக் குறைவானோர் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்பதால், ஓரிரு லாரி வைத்திருக்கும் உரிமையாளர்களின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர். புதிதாகத் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு 2025இல் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. பயணிகள் பேருந்தில் குளிர்சாதனம் வந்து எத்தனை ஆண்டுகள் கழித்து இது வந்தது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

முதலிரவு எங்கள் ஓட்டுநர் தாபாவின் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். குளிர் கடுமை. இரண்டாம் இரவு நண்பரின் மனைவி முடிவெடுத்தார். மகளும் அவரும் ஒரு படுக்கையில் ஒடுங்க, ஓட்டுநருக்கு ஓர் இடம் கிடைத்தது. அவருக்கு உறக்கம் வரவில்லை என்று காலையில் சொன்னார். பின்னால் படுத்துப் பழக்கமில்லையாம். ஆனால் இரவு முழுவதும் தண்ணீர்த் தொட்டியின் கீழ் ஒரு தாங்கி தளர்ந்து ஆடும் ஒலியைக் கேட்டிருக்கிறார். விடிந்ததும் அதை முடுக்கினார். வாங்கிய நாள் முதல் நாங்கள் நால்வரும் கேட்டு, சமையல் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒலி அது.

டாக்குரியா திரும்பியபின் நண்பர் வண்டியை ஒரு பணிமனையில் விட்டிருக்கிறார். ஐந்தாவது படுக்கை வேண்டுமென்றால் குளியலறையை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.